ஒரே மையில் நாற்பத்திரண்டு நாட்கள்

முப்பத்தோரு வருடம் தொழிற்சாலையில் நான் செய்த வேலை, சுருக்கமாகச் சொன்னால், பொய்த் தாள்களைப் பிடிப்பது. தரக் கட்டுப்பாடு என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு தாள் தொங்கும். மணிக்கு ஒரு முறை பாகத்தை அளந்து அதில் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். செக் ஷீட் என்போம். வேலை நெருக்கும்போது யாரும் அளக்க மாட்டார்கள். ஷிப்ட் முடியும் நேரத்தில் எட்டுக் கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டுப் பேருந்துக்கு ஓடுவார்கள். எனக்கு அது நாலடி தூரத்திலேயே தெரியும். உண்மையாக எட்டு முறை எழுதிய தாளில் எழுத்து எட்டு விதமாக இருக்கும். ஓரிடத்தில் எண்ணெய்க் கறை, ஓரிடத்தில் வேறு பேனா, சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் சோம்பலான எழுத்து. பொய்த் தாள் சுத்தமாக இருக்கும்.

அப்படிப்பட்ட நான் என் வீட்டுச் சமையலறையில் தொங்கிய ஒரு பொய்த் தாளில் இரண்டு முறை சரிபார்த்ததாகக் கையெழுத்து போட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரகடம் பக்கத்தில், தொழிற்சாலைகளுக்கு நடுவே போட்ட ஒரு மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடியேறினோம். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. நடக்கச் சொன்னார் மருத்துவர். நடை ஆறு மாதத்தில் ஓட்டமாகியது. அறுபத்தாறு வயதில் பத்துக் கிலோமீட்டர் ஓடி முடித்த காலையில் எனக்கு வந்த கர்வத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. சென்னையில் நடக்கும் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். இருபத்தொரு கிலோமீட்டர். அதற்குப் பதினாறு வாரப் பயிற்சி. எந்த நாளில் எவ்வளவு ஓடுவது, எந்த நாளில் ஓய்வு என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன்.

களைப்பைப் பற்றி எனக்கு அப்போது ஒரு கொள்கை இருந்தது. ஆறாவது கிலோமீட்டரில் உடம்பு 'நில்' என்று கெஞ்சும். கேட்காமல் ஓடினால் எட்டாவதில் அதுவே வாயை மூடிக்கொள்ளும். ஆகவே களைப்பு சொல்வதில் பாதி பொய் என்று முடிவு கட்டினேன். என் உடம்பில் கண்டதை இன்னொருவர் உடம்புக்கும் பொருத்தினேன். தப்பு அங்கே தொடங்கியது.

என் மனைவிக்கு ஒரே ஓர் ஆசை. காட்டில் யானையைப் பார்க்க வேண்டும். கோயில் வாசலில் சங்கிலியோடு நிற்கும் யானை அல்ல, தன் இஷ்டத்துக்கு மரம் ஒடிக்கும் யானை. முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் அழைத்துப் போவதாகக் கல்யாணமான புதிதில் சொன்னேன். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எல்லாருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைப்பது ஆயுத பூஜை ஷட்டவுனில்தான். அந்த நாட்களில் இயந்திரங்களைக் கழற்றிச் சரிபார்ப்பார்கள். தரக் கட்டுப்பாட்டு ஆள் அங்கே இருந்தாக வேண்டும். ஒவ்வொரு வருடமும் இருந்தேன். சில வருடங்கள் இருக்காமலும் சமாளித்திருக்கலாம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் மகள்தான் மீண்டும் பேச்சை எடுத்தாள். ஆயுத பூஜைக்குத் தன் இரண்டு பிள்ளைகளோடு எல்லாருமாகக் காருக்குள் அடங்கிப் போய்வரலாம் என்றாள். நான் உடனே திட்டம் போட்டேன். எந்த நாள் எந்தக் காடு, எத்தனை மணிக்குப் புறப்பாடு, எங்கே டிபன், எந்த வேளை சபாரி. மாரத்தான் முடிந்த இரண்டாம் நாள் பயணம். காட்டு விடுதியில் தங்கும் இரண்டு காலைகளிலும் 'ஓட்டம், 6 கி.மீ.' என்று எழுதியிருந்தேன்.

மகள் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, அது புலிக் காடு. காலைல கேட்டுக்கு வெளிய காலு வெச்சாலே ஃபாரஸ்ட்காரங்க புடிச்சுகினு போவாங்க."

"வுடுடீ," என்றாள் என் மனைவி. "புலி தொரத்தட்டும். அப்பத்தான் உங்கப்பா ஸ்பீடு இன்னான்னு தெரியும்."

மூவரும் சிரித்தோம். சிரித்த கையோடு என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை.

சில மாதங்களாகவே அவள் அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாடியில் துணி உலர்த்திவிட்டு வந்தால் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிடுவாள். நான் ஓடிவிட்டு வியர்வையோடு உள்ளே வரும்போது, "ஓடறது நீங்க, மூச்சு எனக்கு வாங்குது பாருங்க," என்பாள். அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன். அவள் சொன்ன விதம் கிண்டலாகத்தான் இருந்தது. சொன்ன விஷயம் அப்பட்டமான உண்மை.

பயணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது அவளிடம் சொன்னேன்: "உனக்கு உடம்பை அசைச்சுப் பழக்கமில்ல. அதான். தினமும் நாப்பது நிமிஷம் நட. ஆறு வாரம் விடாம நடந்தா காட்டுல ஏறி எறங்கலாம். இல்லன்னா பாதி வழியில உக்காந்துடுவ. நடக்கலன்னா டூர் கேன்சல்."

கடைசி வாக்கியத்தைச் சும்மா மிரட்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்தேன்.

வாரத்துக்கு ஒன்றாக ஆறு தாள் அச்சடித்தேன். நாளுக்கு ஒரு கட்டம். நடந்த நிமிடம், மூச்சு, கால் வலி, பொது நிலை என்று நான்கு பத்திகள். கீழே சரிபார்த்தவர் கையெழுத்து. பேரப்பிள்ளைகளின் பழைய பரீட்சை அட்டையில் மாட்டிச் சமையலறை ஆணியில் தொங்கவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் அந்த வாரத் தாளை மட்டும் மேலே மடித்து அட்டையை என்னிடம் நீட்டுவாள். நாற்பது, சரி, இல்லை, நன்று. நாற்பது, சரி, இல்லை, நன்று. ஏழு வரியும் அப்படியே. நான் கையெழுத்து போடுவேன். "பாத்தியா, நடந்தா சரியாயிடும்னு சொன்னேன்ல," என்பேன்.

காலை ஐந்து மணிக்கு இருவரும் ஒன்றாகக் கிளம்புவோம். மெயின் ரோட்டில் தொழிற்சாலைப் பேருந்துகள் நிற்கும் நிழற்குடை வரை ஒன்றாக வருவோம். அங்கிருந்து நான் சர்வீஸ் ரோட்டில் ஓடிவிடுவேன். அவள் எதிர்ப் பக்கமாக அடுத்த தொழிற்சாலைக் கேட் வரை போய்த் திரும்ப வேண்டும். நான் ஒன்றரை மணி நேரம் கழித்து வரும்போது நிழற்குடையில் காத்திருப்பாள். முதல் ஷிப்டுப் பேருந்துகளெல்லாம் அதற்குள் போயிருக்கும். எப்போதும் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை. முந்தின ஞாயிறு பதினெட்டுக் கிலோமீட்டர் ஓடிய அலுப்பு தீரவில்லை. அட்டவணையில் பத்து என்று இருந்ததால் ஓடினேன். இரண்டாவது கிலோமீட்டரில் இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஆறில் கெஞ்சினாலும் எட்டில் வாயை மூடும் என்று எனக்கு நானே சொன்னதை அந்தக் கால் கேட்கவில்லை. ஒரு கன்டெய்னர் லாரியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நொண்டிக்கொண்டே திரும்பினேன். உடம்பு நிஜமாகவே முடியாது என்று சொன்னதை நான் கேட்ட முதல் நாள் அது. கேட்காமல் இருந்திருந்தால் வழக்கமான நேரத்துக்குத்தான் வந்திருப்பேன்.

நிழற்குடையில் சீருடை போட்ட பெண்கள் ஏழெட்டுப் பேர் பேருந்துக்காக நின்றிருந்தார்கள். பெஞ்சில் என் மனைவி. ஒரு பெண்ணின் தோளில் தலை சாய்த்து, கண் மூடி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தோள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் பக்கத்தில் போனதும் அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதான் அந்த ஓடுத சாரா?" என்றாள். தென்காசிப் பக்கத்துப் பேச்சு. இங்கே விடுதியில் தங்கி வேலை பார்ப்பவள்.

"ஆமாம்மா. நடந்து களைச்சுட்டாங்களா?"

"நடந்தா? அம்மா எங்க நடந்தாவ? டெய்லி இங்கனதான் இருக்காவ. முத நாளு அந்த போஸ்ட்டு வரைக்கும் போனாவ. நாங்கதான் புடிச்சிக் கூட்டியாந்து உக்கார வச்சோம். ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மான்னு நித்தம் சொல்லுதோம். டூருக்குப் போயிட்டு வந்து போறேங்காவ. நீங்க வீட்டுல என்னதான் பாக்கீய?"

மற்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். என் மனைவி கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, எழுந்து நிற்க முயன்றாள். நான் திட்டுவேன் என்று பயந்தாள். நாற்பது வருடத்தில் அவள் என்னைப் பார்த்துப் பயந்து நான் கண்டது அன்றுதான். அதற்கு முன்பும் பயந்திருக்கலாம், எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அவளைப் படுக்க வைத்துவிட்டுப் பரீட்சை அட்டையை எடுத்தேன். அந்த வாரத் தாள் சனிக்கிழமை வரை நிரம்பியிருந்தது. அன்று புதன்கிழமை. பக்கங்களைப் புரட்டினேன். நான்காவது வாரம், ஐந்தாவது, ஆறாவது. எல்லாமே நாற்பது, சரி, இல்லை, நன்று. பயணம் கிளம்பும் நாள் வரை நாற்பத்திரண்டு நாட்களையும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரு மதியத்தில் எழுதி முடித்திருந்தாள். தொழிற்சாலையில் வராத மணியின் அளவை முன்கூட்டியே எழுதிய ஓர் ஆளை நான் ஒரு வாரம் வேலைக்கு வரக் கூடாது என்று வெளியே அனுப்பியிருக்கிறேன். அவன் அன்று சொன்னதும் நினைவுக்கு வந்தது: "உண்மைய எழுதுனா லைன நிறுத்திடுவீங்க சார்."

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏம்மா இப்படிப் பண்ண?"

"நீங்க கேட்டது டிக்கு. டிக்கு போட்டா யானை பாக்கப் போவோம். போடலன்னா கேன்சல்னீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "முடியலன்னு வாயால சொன்னேனே. வாயால சொன்னா உங்களுக்கு ஏறல."

அன்று மாலையே மருத்துவமனைக்குப் போனோம். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. எத்தனை நாளாக மூச்சு வாங்குகிறது என்று மருத்துவர் என்னைக் கேட்டார். படித்தவன், கூடவே இருப்பவன் என்பதால் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என்னிடம் இருந்த ஒரே பதிவு அந்த அட்டை. அவள்தான் சொன்னாள்: "ரெண்டு வருஷம் இருக்கும் டாக்டர்."

இரண்டு வருடம். நான் ஓடத் தொடங்கிய அதே இரண்டு வருடம்.

தொடை வழியாகக் குழாய் செலுத்தி வால்வை விரித்தார்கள். தப்பினாள். ஆனால் காலம் கடந்து வந்ததால் இதயம் பழையபடி ஆகாது என்றும் சொன்னார்கள். அந்த வருடப் பயணம் ரத்தானது. மாரத்தானுக்கு நான் போகவில்லை. அதைத் தியாகம் என்று யாரும் எண்ண வேண்டாம். கால் சரியாகியிருக்கவில்லை. இப்போதும் வாரத்தில் மூன்று நாள் மெதுவாக ஓடுகிறேன். சர்க்கரைக்கு அது வேண்டியிருக்கிறது, எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

போன ஆயுத பூஜைக்கு மருத்துவர் அனுமதித்தார். மலை வளைவுகள் வேண்டாம், மைசூர் வழியாகச் சமவெளிப் பாதையில் போகலாம், மூச்சு வாங்கினால் அந்த இடத்திலேயே திரும்பிவிட வேண்டும் என்றார். மகள் ஓட்டினாள். பிள்ளைகளில் மூத்தவள் முன்னால், இளையவள் எங்கள் இருவருக்கும் நடுவே. மைசூரில் ஓர் இரவு தங்கி மறுநாள் காலை கிளம்பினோம். குண்டலுப்பேட்டை தாண்டியதும் தூரத்தில் காடு ஒரு கருங்கோடாகத் தெரிந்தது. டீக்கடையில் நிறுத்தினோம். என் மனைவி காரை விட்டு இறங்கவில்லை.

"ஏங்க," என்றாள். "எனக்கு முடியலீங்க."

மகள் டீக் கிளாசோடு குனிந்து பார்த்தாள். "அம்மா, இன்னும் பதினஞ்சு நிமிஷம்மா. கேட்டு வந்துடும். உக்காந்துகினே பாக்கலாம்மா. கொஞ்சம் தம் புடிச்சுக்கோயேன்."

மகளைக் குறை சொல்ல மாட்டேன். அது என் பேச்சு. இத்தனை வருடம் கேட்டு வந்த பேச்சு. என் வாயிலும் அதேதான் வந்து நின்றது. அவ்வளவு பக்கத்தில் காடு. மரங்களின் உச்சி தனித்தனியாகத் தெரிந்தது.

"வண்டியைத் திருப்பும்மா," என்றேன்.

"அப்பா..."

"திருப்பு. நேரா மைசூர் ஆஸ்பத்திரிக்கு."

இளையவள் அழத் தொடங்கினாள். "ஆயா, யானை?"

"யானை அங்கியேதான் கீது," என்றாள் என் மனைவி. "எங்க பூடப்போவுது."

பேத்தியை முன்னால் அக்காவிடம் அனுப்பிவிட்டு அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். கார் திரும்பியது. கொஞ்ச தூரம் போனதும் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "இன்னா, எவ்ளோ முடியலன்னு கேக்கவே இல்ல?"

"நீ சொன்னியே," என்றேன்.

அவள் என் தோளில் தலையைச் சாய்த்தாள். மைசூர் வரை ஒன்றரை மணி நேரம் நான் தோளை அசைக்கவில்லை. கை மரத்துப் போனது. இரண்டு நாள் வைத்திருந்து, நுரையீரலில் கோத்திருந்த நீரை இறக்கி அனுப்பினார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் என்று சொல்லத் தொடங்கிய மருத்துவர் அதை முடிக்கவில்லை.

அவள் இன்னும் யானையைப் பார்க்கவில்லை. இனிப் பார்ப்பாளா என்பதும் தெரியவில்லை. அந்த நிழற்குடைப் பெண்ணுக்கு நன்றி சொல்ல ஒரு காலை போனேன். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். அவளிடம் நான் சொல்ல நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தத் தோள் வேலை என்னுடையது, மூன்று வாரம் அதை நீ செய்தாய்.