சுவரில் தேறாத லென்ஸ்

கோவிந்தராஜனுக்கு லிஃப்டில் நம்பிக்கை கிடையாது. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு வந்த புதிதில், லிஃப்டை ஓட்டும் மென்பொருள் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிற பொறுப்பு அவருக்கு வந்தது. அதில் என்னென்ன ஓட்டை இருந்தது என்று இன்றுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பாதி பெங்களூர் படியேறித்தான் போகும் என்பார். அதனால் ஹெப்பகோடியைத் தாண்டி ஆனேக்கல் போகிற வழியில் ஃபிளாட் வாங்கும்போது, மற்றவர்களெல்லாம் ஏழாவது மாடி, எட்டாவது மாடி என்று காற்றுக்கு அடித்துக்கொள்ள, திருப்பத்தூர்க்காரரான இவர் தரைத்தளமே போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

மனைவி வீணா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. குடிவந்த மறுநாள் காலை, காபி டம்ளரோடு பின்பக்கத்து சிட்அவுட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள், "என்னங்க, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். எதிரே, சிட்அவுட்டுக்கு இரண்டு படி கீழே, நெஞ்சுயரத்துக்கு ஒரு செங்கல் காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு மேலே ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் நீலமாக மலை. ஏரியின் இந்தப் பக்கத்துக் கரையில் குப்பைமேடும் தகரக் கொட்டகைகளும் உண்டு. மேல்மாடிக்காரர்களுக்கு அத்தனையும் சேர்ந்துதான் தெரியும்; மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்துவார்கள். கீழே நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் சுவர் குப்பையை மறைத்துவிட்டுத் தண்ணீரையும் மலையையும் காட்டியது. எழுந்து நின்றால் குப்பையும் கூடவே எழுந்து நிற்கும்.

அந்த ஏரியைப் படம் எடுத்து, பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு முன்னறையில் மாட்ட வேண்டும் என்று கோவிந்தராஜனுக்கு ஆசை வந்தது. சாதாரண ஆசைதான், ஆனால் அதற்குள் ஒரு முள் இருந்தது. கம்பெனியில் அவர் டெஸ்டிங் லீட். அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் படித்து முடித்த நாளிலிருந்து அவர் பிழைப்பு. ஒரு கல்யாண வீட்டில் வீணாவின் தம்பி, "எங்க மாமா நொட்டை சொல்றதுக்கே சம்பளம் வாங்கறாரு" என்று சொல்ல, பந்தியே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் வலித்தது. நான் செய்தது என்று காட்ட ஒன்றாவது வேண்டும், அது இந்த ஏரிப் படமாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார்.

கேமரா சுலபமாகக் கிடைத்தது. வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போன ஒரு மேலாளர் தன் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை லென்ஸ் இல்லாமல் இவரிடம் தள்ளிவிட்டுப் போனார். அந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே மூலையில் தனியாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதில் கண்ணை வைத்தால் எதிரே உள்ளது எல்லாம் தெரியும், நடுவில் வெள்ளைக் கோட்டில் ஒரு கட்டமும் தெரியும். கட்டத்துக்குள் இருப்பதுதான் படத்தில் விழும். மாட்டுகிற லென்ஸுக்கு ஏற்றபடி கட்டம் பெரிதாகும், சிறிதாகும்.

ஆக, ஏரிக்கு எந்த லென்ஸ் என்பதுதான் கேள்வி. இருபத்தொன்று மில்லிமீட்டர் போட்டால் ஏரி முழுக்க வரும், மலை கடுகாகிவிடும். போதாததற்கு அது அந்த ஜன்னலுக்கே அடங்காது, மேலே இன்னொரு ஜன்னலைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். ஐம்பது போட்டால் மலை கம்பீரமாக வரும், ஏரி துண்டாகும். தொண்ணூறுக்குக் கட்டம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். முப்பத்தைந்தில் இரண்டும் சுமாராக வரும் என்றார்கள். சுமார் என்ற சொல்லே அவருக்கு ஆகாது.

வேறு யாராக இருந்தாலும் கையில் கிடைத்த லென்ஸை மாட்டி, ஏரியைப் பார்த்து அமுக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். சோதனையில் தேறாத எதையும் வெளியே விடக் கூடாது என்பது கோவிந்தராஜனின் தொழில் தர்மம். கோரமங்களாவில் லென்ஸ் வாடகைக்கு விடுகிற கிரணிடம் வெள்ளிக்கிழமை ஒரு லென்ஸ் வாங்கி வருவார். சனிக்கிழமை காலை கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போவார். தரையில் சாக்பீஸால் குறித்துவைத்த அதே இடத்தில் முக்காலியை நிறுத்தி, கேமராவை ஏரி தெரியாத உயரத்துக்கு இறக்கி, காம்பவுண்டுச் சுவரைப் படம் எடுப்பார். செங்கல் வரிசை நேர்கோடு அல்லவா? லென்ஸ் எங்கே வளைக்கிறது, எந்த மூலையில் மங்குகிறது என்பதைச் செங்கல் காட்டிக்கொடுத்துவிடும். சுவரில் தேறாத லென்ஸுக்கு அவர் ஏரியைக் காட்டுவதில்லை.

ஒன்றும் தேறவில்லை. ஒரு லென்ஸ் ஓரத்தில் செங்கல்லுக்கு ரோஸ் நிறம் பூசியது. ஒன்று இடது மூலையில் மட்டும் சோம்பல் பட்டது. ஒன்றில் எந்தக் குறையும் தெரியவில்லை, அதனாலேயே சந்தேகப்பட்டு அதே லென்ஸை மறுபடி வாடகைக்கு எடுத்து வந்து குறையைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, லென்ஸ் கிடைத்துவிட்டது என்று வீணா பாயசம் வைத்துவிட்டாள்.

கிரண் வியாபாரி, வாடகை வந்தால் சரி என்று இருக்க வேண்டியவன். அவனுக்கே பொறுக்கவில்லை. "சார், பொண்ணு பாக்கறவங்ககூட இத்தனை வீடு ஏறி இறங்க மாட்டாங்க. மூலை கொஞ்சம் மங்குனா என்ன சார்? மூலையில போயி யாரு பாக்கறா?"

"நான் பாப்பேன்" என்றார் கோவிந்தராஜன்.

மழைக்காலம் வந்தது, போனது, மறுபடியும் வந்தது. தினமும் காலையில் வீணா சிட்அவுட்டில் உட்கார்ந்து காபி குடிப்பாள். "என்னங்க, கொக்கு வந்திருக்கு, சீக்கிரம் வாங்க" என்று கூப்பிடுவாள். அவர் உள்ளே லேப்டாப்பில் ஒரு செங்கல்லின் மூலையைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, "இரு, ஒரு நிமிஷம்" என்பார். கொக்கு என்ன, கம்பெனி காரா, வாசலில் நின்று ஹாரன் அடிக்க? அது பாட்டுக்குப் போய்விடும். ஏரி எங்கே போகப்போகிறது என்று அவருக்குத் தைரியம். ஏரிக்கரையில் கட்டடம் கட்ட விடமாட்டார்கள் என்று விசாரித்து வைத்திருந்தார்.

கட்டடம் வரவில்லைதான். சுவருக்கு வெளியே, பக்கத்து லேஅவுட்காரர் மழைநீர் போகப் பெரிய கால்வாய் வெட்டினார். வெட்டின கொஞ்ச நாளில் காம்பவுண்டுச் சுவரில் விரிசல் கண்டது. அசோசியேஷன் செயலாளர் மஞ்சுநாத் போய்க் கேட்டதற்கு, லேஅவுட்காரரின் இன்ஜினியர், "உங்க சுவர் கட்டின நாள்லேர்ந்தே அப்படித்தான்" என்று கையை விரித்துவிட்டார். அன்று சாயங்காலம் மஞ்சுநாத் கோவிந்தராஜன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சார், நீங்க வாராவாரம் அந்தச் சுவரை ஃபோட்டோ எடுக்கறீங்க அல்வா, இல்லையா? எங்க பிளாக்ல உங்களுக்குக் 'கோடே சார்'னே பேரு. கோடேன்னா கன்னடத்துல சுவர். தப்பா நெனைக்காதீங்க, ஹழே ஃபோட்டோ, அந்தப் பழசெல்லாம் இருக்கா?"

இருந்ததா! ஒரே இடம், ஒரே தூரம், ஒரே வெளிச்சம்; தேதி வாரியாக, செங்கல் செங்கலாக இருந்தது. கால்வாய் வெட்டுவதற்கு முன்னால் சுவர் பழுதில்லாமல் நின்றது. அப்புறம் மயிரிழை, அப்புறம் நூல், அப்புறம் விரல் நுழைகிற சந்து. இத்தனை நாளும் லென்ஸின் குறையைத் தேடிய மனிதர் சுவரின் குறையைக் கவனிக்கவே இல்லை.

கிளப் ஹவுஸில் கூட்டம் போட்டார்கள். படங்களை வரிசையாகத் திரையில் ஓடவிட்டதும் இன்ஜினியர் தண்ணீர் கேட்டார். லேஅவுட்காரர் அங்கேயே பணிந்து, பழைய சுவரை இடித்துவிட்டுத் தன் செலவில் புதிதாகக் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார். சும்மா சுவர் அல்ல, பன்னிரண்டு அடி உயரக் கான்கிரீட் சுவர். தூசி வராது, நாற்றம் வராது, திருடன் வரமாட்டான். வரைபடம் திரையில் வந்தது. மேல்மாடிக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

கோவிந்தராஜனின் கண் வரைபடத்தில் விழுந்த உடனே பிழையைப் பிடித்துவிட்டது. பன்னிரண்டு அடி என்றால் ஏரி இல்லை. வாய் திறப்பதற்குள் மஞ்சுநாத் அவரை மேடைக்கு இழுத்துப்போய்ச் சால்வை போர்த்தி, தலையில் சரிகை போட்ட மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகையை வைத்துவிட்டார். "நம்ம அபார்ட்மெண்டின் ஃபோட்டோகிராஃபர்!" என்று மைக்கில் அறிவித்தார். கைதட்டல் நிற்கவே இல்லை. அவர் செய்த ஒன்றுக்காக ஜனங்கள் கைதட்டுவது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"புதுச் சுவர் விஷயத்துல யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று மஞ்சுநாத் சம்பிரதாயத்துக்குக் கேட்டார். பேட்டா கட்டின தலையோடு கோவிந்தராஜன் கீழே பார்த்தார். மூன்றாவது வரிசையில் வீணா உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது வீணா கேட்டாள். "ஊரு உலகத்துல இருக்கற தப்பெல்லாம் தெரியும் உங்களுக்கு. அந்தப் பன்னெண்டு அடி தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"எல்லாரும் கைதட்டினாங்க வீணா" என்றார் அவர். சொல்லும்போதே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

சுவர் வேலை தொடங்க மாதக்கணக்கில் ஆகும், பெங்களூரில் எந்த வேலை சொன்னபடி நடந்திருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டார். அதற்குள் ஒரு லென்ஸை முடிவு செய்துவிடலாம். ஆனால் அவர் கொடுத்த ஆதாரம் அத்தனை பழுதில்லாமல் இருந்ததால், கோர்ட்டுக்குப் போய்விடுவார்களோ என்று பயந்து லேஅவுட்காரர் அந்த வாரமே ஆட்களை இறக்கிவிட்டார். பழைய சுவர் விழுந்தது. குப்பைமேடும் கொட்டகைகளும் சிட்அவுட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்ததுபோல் தெரிந்தன. வீணா காபியை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கோவிந்தராஜன் அலுவலகத்திலிருந்து நேரே கிரணிடம் ஓடி, "முப்பத்தஞ்சே கொடுப்பா, சுமாரா இருந்தாப் போதும்" என்றார். கிரண் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தான். மேம்பாலத்து நெரிசலில் ஊர்ந்து அவர் வீடு வந்து சேர்வதற்குள் கம்பி கட்டி, பலகை அடித்து, பன்னிரண்டு அடிக்கு நிறுத்திவிட்டார்கள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இதோடு நிற்கவில்லை. புதுச் சுவர் எழுந்த பிறகு, விரிசல் விட்ட பழைய சுவரின் படம் ஒன்றை மஞ்சுநாத் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, கண்ணாடி ஃபிரேம் போட்டு கிளப் ஹவுஸில் மாட்டினார். கீழே தங்க எழுத்தில் 'புகைப்படம்: கோவிந்தராஜன்' என்று மூன்று மொழியில் இருந்தது. தீபாவளிக்கு வந்த மச்சினன் அதன் முன்னால் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "பரவாயில்ல மாமா, ரொம்ப ஷார்ப்பா வந்திருக்கு" என்றான். அவன் கிண்டல் செய்யவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை கோவிந்தராஜன் சிட்அவுட்டுக்குப் போய் வீணாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே சாம்பல் நிறத்தில் கான்கிரீட். அவரிடம் சுவர்ப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன, ஏரிப் படம் ஒன்றுகூட இல்லை. சரி, மனதிலாவது வரைந்து பார்க்கலாம் என்று கண்ணை மூடினார். செங்கல் செங்கலாக வந்தது. மலை வரவில்லை.

வீணா காபியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"வீணா, மலை உசரமா இருந்தது எந்தப் பக்கம்? இடதா, வலதா?"

அவள் டம்ளரை அவர் கையில் கொடுக்காமல் அப்படியே நின்றாள். "நெஜமாவே தெரியலையா உங்களுக்கு?"

"தெரியல" என்றார். இரண்டு வருடம் அவர் இருந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த மலை.

வீணாவுக்குக் கோபம் வந்தது, திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்; உள்ளே போய் இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"வலது பக்கம்" என்றாள். "ஆனா காலைல மொதல்ல மலையே தெரியாது. பனி இருக்கும். தண்ணி எது, வானம் எதுன்னு தெரியாது. அப்புறம் அந்தக் கொக்கு வரும், ஒத்தக் கொக்கு. அது வந்து எறங்கினாத்தான் இதுதான் தண்ணின்னு தெரியும்..."

எந்தக் கொக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்க அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்காமல், சுவரைப் பார்த்தபடி காபியைக் குடித்தார்.