மணற்காட்டுச் சிவப்புத் தடிகள்

மணற்காட்டு மணல் மத்தியான வெயிலில் சுடும்போது, உப்பும் சவுக்கஞ் சருகும் சேர்த்து வறுத்ததுபோல ஒரு மணம் எழும்பும். அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு ஒருமுறை உசாராகும்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த வருஷம் எனக்குப் பத்து வயது. அதுவரை பெயராக மட்டும் கேட்டிருந்த இடங்களையெல்லாம் எங்களுக்குக் காட்டிவிட வேண்டுமென்று அப்பாவுக்கு ஒரு வெறி. ஞாயிறு விடிந்தால் போதும், மோட்டார் சைக்கிளில் என்னை முன்னுக்கும் அண்ணையையும் அம்மாவையும் பின்னுக்கும் அடைத்துக்கொண்டு, உரும்பிராயிலிருந்து கீரிமலை, தொண்டைமானாறு, மணற்காடு என்று புறப்பட்டுவிடுவார். போய் இறங்கினால் ஓட விடமாட்டார். அந்நாளில் வழியெல்லாம் தலையில் சிவப்பு மை பூசிய தடிகள் நட்டிருக்கும். தடிக்கு இந்தப் பக்கம் உயிர், அந்தப் பக்கம் "மிதிவெடி". "கண்டது கடியதிலை கைவைக்காதேங்கோ, என்ரை அடியிலை அடி வைச்சு வாங்கோ" என்பதுதான் அப்பாவின் ஓயாத தேவாரம். நாங்களும் தாராக் குஞ்சுகள் மாதிரி வரிசையில் போய், கடலை எட்ட நின்று பார்த்து, கொண்டுபோன புட்டைச் சாப்பிட்டுவிட்டு, அதே வரிசையில் திரும்புவோம். அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு எங்கேயும் போனதில்லை.

போன சித்திரை விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்த அண்ணை, அந்த இடங்களை இன்னொருக்கால் பார்த்தே தீரவேண்டுமென்று நின்றார். வாடகைக்கு ஒரு வானைப் பிடித்து, என் ஏழு வயது மகள் ஆரணியையும் கூட்டிக்கொண்டு போனோம். ஆரணியிடம் நான் மிதிவெடி பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. எங்களைப் பிடித்த பயம் அவளைப் பிடிக்கவேண்டாம், அவளாவது நிலத்தை நம்பி வளரட்டும் என்பது என் பிடிவாதம். மணற்காட்டில் வான் நின்றதும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சவுக்கு மரங்களுக்குள்ளால் பறந்தாள்.

அண்ணைதான் முதலில் கண்டார். மணல் மேட்டில் வளைந்து வளைந்து, வரிசை வரிசையாக, தலை சிவந்த தடிகள். நடுவில் ஆரணி, ஒன்றைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, நல்ல வடிவு!" என்கிறாள்.

"அசையாதை! நிண்ட இடத்திலையே நில்!" என்று நான் போட்ட சத்தம் எனக்கே புதிது. மிதிவெடியெல்லாம் எடுத்து எத்தனையோ வருஷம், சனம் நாள்தோறும் நடக்கிற இடம் என்று தெரியாதவளா நான்? தெரிந்தும் என்ன! அவளுடைய சின்னக் காலடிகளிலேயே கால் வைத்துப் போய், தூக்கிக்கொண்டு, அதே அடிகளில் திரும்பி வந்து, இறக்கிவிட்ட கையோடு கன்னத்தில் ஓங்கி ஒன்று கொடுத்தேன். ஐயோ, அதற்கு முன் அவளை நான் அடித்ததே இல்லை.

அப்போதுதான் சிவப்புச் சாய வாளியோடு ஒரு பெட்டை மரங்களுக்குள்ளிருந்து வந்தாள். இருபது வயதிருக்கும், ஓவியம் படிக்கிறாளாம். அண்ணை விடவில்லை. "எந்தத் திணைக்களம் பிள்ளை? காணி அளக்கிறியளோ?"

"இல்லை அண்ணை. மணல் ஒவ்வொரு கிழமையும் எதுவரைக்கும் நகருதெண்டு பார்த்துத் தடி நட்டுக்கொண்டு வாறன். மேலை ஏறிப் பார்த்தால் காத்துப் போன வழி தெரியும். இதுவும் ஒரு ஓவியந்தான்."

"அதுக்கு ஏன் சிவப்பு?" என்றேன் நான்.

"மணலிலை சிவப்பு எடுப்பாத் தெரியும், அக்கா."

உவள் நடிக்கிறாளோ என்று முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். நடிக்கவில்லை; அந்தப் பழைய தடிகளை அவள் கண்டதேயில்லை. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று அண்ணை என்னைப் பார்த்துச் சிரிக்க, தானும் காணி பறிக்கத்தான் அளக்கிறார்களோ என்று வெருண்டவர்தானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு மேட்டில் ஏறிப் பார்த்தோம். பொய் சொல்லக்கூடாது, வடிவாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுடைய வாளிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

பின்னேரம் தொண்டைமானாற்றில் வானை நிறுத்தினோம். அப்பா இல்லை, அந்தத் தடிகளும் இல்லை; கரை முழுக்கச் சனம் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எங்கே போனாலும் முதலில் குதித்து ஓடுகிற ஆரணி, வானின் படியிலேயே நின்றாள்.

"அம்மா, இஞ்சை கால் வைக்கலாமோ?"

"ஓம்" என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் முதலில் நிலத்தைப் பார்த்தேன்; நான் அப்படிப் பார்ப்பதை அவளும் கண்டுவிட்டாள்.