அம்மா சொன்ன முடிவு

எங்கள் தமிழ் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே புத்தகம்தான் பிடித்தது. ஒருத்தியும் அதைப் படித்ததில்லை. ‘எனக்குப் பிடித்த நூல்’ என்ற கட்டுரையை டீச்சர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். இந்நூலை எடுத்தால் கீழே வைக்க மனம் வராது என்று அதில் ஒரு வரி வரும். எடுத்ததே இல்லை, பிறகு எங்கே கீழே வைப்பது? அந்த வரியைப் பரீட்சைக்குப் பரீட்சை எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது.

எழுபதுகளின் கடைசி அது. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பெண்கள் பள்ளி. பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம். தமிழ் எடுத்த எங்கள் ஏழெட்டுப் பேரை மட்டும் அந்தப் பீரியடில் கக்கூஸை ஒட்டிய சின்ன அறைக்கு அனுப்பிவிடுவார்கள். செய்யுளும் இலக்கணமும் எனக்கு இன்றும் பினாயில் நாற்றத்தோடுதான் ஞாபகம் வருகின்றன. டீச்சர் மேல் எனக்குக் கோபமில்லை, அவரும் அதே நாற்றத்தில்தான் நின்றார். கோபமெல்லாம் அந்தப் பாடங்களின் மேல்தான். பாடத்தில் நாய் வந்தால் அது நன்றியுள்ளதாக இருக்கும், பெண் வந்தால் பொறுமையுள்ளவளாக இருப்பாள். கடிக்கிற நாயையோ கத்துகிற பெண்ணையோ பத்து வருஷப் படிப்பில் நான் ஒரு பக்கத்திலும் பார்க்கவில்லை.

வீட்டில் படித்ததெல்லாம் வேறு. கொச்சங்காடியில் எங்கள் வீடு. அப்பாவுக்குச் சுக்கு, மிளகுக் கிடங்கில் வேலை. தெருவில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல இருந்தன. ஆனால் ரயிலில் வரும் தமிழ் வாரப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கியது அம்மா மட்டும்தான். தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துப் பெட்டிக்கு அடியில் சேர்த்து வைப்பாள். கதை முடிந்ததும் கிடங்கிலிருந்து வந்த சணலாலும் கோணி ஊசியாலும் தைத்து, காக்கித் தாளில் அட்டை போடுவாள். ஒரு பக்கத்தில் கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள், அதன் முதுகில் மூலத்துக்கு வைத்தியர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். நான் இரண்டையும் விடாமல் படித்தேன்.

அந்தப் புத்தகங்கள் தெருவெல்லாம் சுற்றிவிட்டு வரும். திரும்பி வந்தால் தொடுவதற்கே எனக்குக் குமட்டும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாத ஒரு பெண்பிள்ளைகூட எங்கள் தெருவில் கிடையாது. பக்கத்து வீட்டு மாமி மூக்குப்பொடி போடுவாள். அவள் அழுத அத்தியாயங்களைப் பழுப்புக் கறையைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். இன்னொரு வீட்டிலிருந்து வந்தால் அப்பள எண்ணெய், காய்ந்த சோற்றுப் பருக்கை, சிக்கு முடி. ஒருமுறை நசுங்கிய மூட்டைப்பூச்சி ஒன்று, அதுவும் கல்யாண அத்தியாயத்தில். அம்மா ஈரத் துணியால் துடைத்து அடுத்தவளுக்குக் கொடுத்துவிடுவாள். நான் முகம் சுளித்தால், “வேண்டாம்னா படிக்காண்டு இரு” என்பாள். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது படித்தேன். என் பாடப் புத்தகங்கள் மட்டும் வருஷக் கடைசிவரை பளிச்சென்று இருந்தன. அவற்றை யாரும் ஆசைப்பட்டுத் தொடவில்லை.

அம்மா தைத்த அந்தக் கட்டுகளில் ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் கிழிந்தது. கதையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதற்கு இன்னொரு வாசகர் என் மூலமாகக் கிடைக்க வேண்டாம். புருஷனின் அடி தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறும் ஒருத்தியின் கதை. டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, ஆபீஸ் ஒன்றில் சேர்ந்து, ஒற்றை அறை எடுத்துத் தங்குகிறாள். ஸ்டவ் வாங்கி, முதல்முறையாகத் தனக்கென்று மட்டும் காபி போட்டுக் குடிக்கிறாள். அந்த அத்தியாயம் எனக்கு மனப்பாடம். யாரும் செய்யச் சொல்லாத ஒரே மனப்பாடம் அதுதான். பல மாதங்கள் கழித்துப் புருஷன் தேடி வந்து கதவைத் தட்டுகிறான். அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கிறாள். எங்கள் கட்டு அத்தோடு நின்றுவிடும்.

கடைசி அத்தியாயம் வர வேண்டிய வாரத்தில் மழையால் ரயில் ஓடவில்லை, பார்சல் வரவே இல்லை என்றாள் அம்மா. ஆனால் பாலக்காட்டிலிருந்து வந்த யாரோ முடிவைச் சொன்னார்களாம். கட்டை வாங்கிப் போன பெண்கள் அதைத் திருப்பிக் கொடுக்க வரும்போது வாசலிலேயே நின்று கேட்பார்கள். அம்மாவும் சொல்வாள்.

“கதவைத் திறந்தா. யாரு வேணும்னு கேட்டா. அவன் நின்னான், நின்னான், போய்ட்டான். அவ வந்து மிச்சக் காபியைக் குடிச்சா.”

கேட்டவர்கள் திருப்தியோடு போவார்கள். மாமி மட்டும், “பின்னே, அப்படித்தான் வேணும்” என்று ஒரு சிட்டிகைப் பொடியை இழுத்துவிட்டுப் போவாள். எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் அந்தக் கதை அப்படித்தான் முடிந்தது. வேறு பிரதி இல்லாத ஊரில் யார் சரிபார்ப்பது?

என் அக்காவுக்கு அந்த முடிவு எல்லோரையும்விட அதிகம் தேவைப்பட்டது. அவளைப் பள்ளுருத்தியில் அரிசிக்கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் பத்தாவது படித்த வருஷம் ஓணத்துக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. முழங்கைக்குக் கீழே ஒரு சூட்டுத் தழும்பு, கரண்டியின் வடிவம் அப்படியே தெரிந்தது. பால் பொங்கிக் கையில் பட்டுவிட்டது என்றார் அத்தான். பால் கரண்டி மாதிரியா பொங்கும் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் அத்தான் வருவார். அப்பா எதிரே உட்கார்ந்து உபசாரம் செய்வார். அத்தான் சோற்றைக் குழைத்துப் பிசைந்து, ரசத்தை மணிக்கட்டிலிருந்து நக்கி, ஏப்பம் விட்டு, அரிசி விலை பேசிவிட்டுப் போவார். அக்காவைக் கூப்பிடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் அடுக்களையை விட்டு வெளியே வந்ததில்லை. அவர் சாப்பிட்ட இடத்தைத் துடைப்பது என் வேலை. அந்தத் துணியை வேறெதற்கும் தொடமாட்டேன்.

மத்தியானங்களில் அக்கா அந்தக் காபி அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். படித்து முடித்ததும், “கடைசியைச் சொல்லும்மா” என்பாள். அம்மா அரிசி களைந்துகொண்டே ஒரு வார்த்தை மாறாமல் சொல்வாள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. சாயங்காலமானால் டகடகவென்று சத்தம் கேட்கும். சேர்ந்துகொள்ளட்டுமா என்று அக்கா ஒருநாள் கேட்டாள். “தை பிறக்கட்டும், பார்க்கலாம்” என்றாள் அம்மா. முடியாது என்று சொல்லவில்லை. அந்தப் ‘பார்க்கலாம்’ ஒன்றைப் பிடித்துக்கொண்டே அக்கா ஐப்பசி மழை முழுவதையும் ஓட்டினாள். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

அந்த வருஷம் எங்கள் துணைப்பாடம், நாங்கள் நான்-டீடெயில் என்போமே, அது அந்தக் கதையின் சுருக்கம் என்று தெரிந்ததும் நான் குதித்தேன். பிடித்த புத்தகமே பாடமாக வருகிறது, இதைவிட என்ன வேண்டும்? மலையாளப் புத்தகங்கள் காலாகாலத்தில் வந்துவிடும். தமிழ்ப் புத்தகம் கிறிஸ்துமஸ் லீவை ஒட்டித்தான் வந்து சேர்ந்தது. வகுப்பிலேயே பிரித்துப் படித்தேன். காபி அத்தியாயத்தையே காணோம். அவள் தனிமையில் துன்புற்று வாழ்ந்தாள் என்று ஒரே வரியில் அதை மூடியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு படம்: நிற்கிற ஆணும் அவன் பாதத்தைப் பிடித்திருக்கிற பெண்ணும். கதவைத் திறந்தவள் காலில் விழுகிறாள், அவன் பெரிய மனது பண்ணி மன்னிக்கிறான், அவள் வேலையை விட்டுவிட்டு அவனோடு போகிறாள். அடித்தவன் மன்னிக்கிறானாம். எனக்கு அந்தப் படத்தின் மேல் துப்பத் தோன்றியது.

எழுந்து நின்று, “டீச்சர், முடிவை மாத்திட்டாங்க” என்றேன்.

டீச்சர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். “மாத்தலை. அது வந்தப்ப எங்க ஊர்ல நானும் வாராவாரம் படிச்சவதான். கடைசி வாரத்தில அவளைக் கால்ல விழ வச்சுட்டாங்க. எனக்கும் ஆத்திரமா வந்துச்சு. ஆனா அதுதான் முடிவு. உக்காரு.”

பிறகு வழக்கமான குரலுக்கு மாறி, கேள்வி பதில் சொல்ல ஆரம்பித்தார். இக்கதை உணர்த்தும் நீதி யாது? பெண் விட்டுக்கொடுத்தால் குடும்பம் தழைக்கும் என்பதாம். ஆத்திரப்பட்டவரே சொன்னார், ஆத்திரப்பட்ட நானே எழுதிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது: பாலக்காட்டிலிருந்து யாரும் வந்து எதுவும் சொல்லியிருக்கவில்லை. அந்த முடிவு அம்மாவே கட்டியது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட அம்மா, அந்த எழுத்தாளரைவிட நன்றாக முடித்திருக்கிறாள் என்று எனக்குப் பெருமைகூட வந்தது. ஒரே ஒரு பயம்தான். அக்காவுக்கு இது தெரியக் கூடாது. புத்தகத்தைப் பையின் அடியில், மற்றவற்றுக்கெல்லாம் கீழே வைத்தேன்.

ஆனால் திங்கட்கிழமை அதில் டெஸ்ட். ஞாயிறு மத்தியானம் அத்தான் சாப்பிட்டு முடித்து முன்னறையில் பல் குத்திக்கொண்டிருந்தார். நான் மூலையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தேன். பாடம் வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்பது அப்பாவின் கொள்கை.

“என்ன உனக்குள்ளேயே முணுமுணுக்கறே? உரக்கப் படி. மாப்பிள்ளையும் கேக்கட்டும்.”

நான் முன்பக்கம் ஒன்றைப் புரட்டினேன். “அது இல்லை, விரல் வச்சிருந்தியே, அந்தப் பக்கம்” என்றார் அப்பா. வேறு வழியில்லாமல் படித்தேன். கதவு திறந்தது, காலில் விழுந்தது, மன்னித்தது எல்லாவற்றையும். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அப்பா என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வாழ்நாளில் ஒரு கதையையும் படிக்காத மனுஷர். “சர்க்காரே அச்சடிச்சுக் கொடுத்திருக்கு” என்றார், அடுக்களைப் பக்கம் பார்த்து. “நாம சொன்னா ஏறாது. சர்க்கார் சொல்லுது, கேட்டியா?”

அத்தான் பல்லிலிருந்து எடுத்ததைப் பார்த்துவிட்டுச் சுவரில் தேய்த்தார். “நல்ல பாடம். நானும் எப்பவோ மன்னிச்சாச்சு” என்றார்.

அக்கா அப்போதுதான் வெளியே வந்தாள். அத்தானையோ அப்பாவையோ அவள் பார்க்கவில்லை. எச்சில் தட்டை எடுக்கக் குனிந்த அம்மாவிடம் கேட்டாள். “நீ வேற மாதிரி சொன்னியேம்மா.”

“ஆமா” என்றாள் அம்மா. “அந்த வாரம் பத்திரிகை வந்தது. படிச்சேன். பிடிக்கலை. கிழிச்சு அடுப்பில போட்டேன்.”

“அப்ப நான்?”

அம்மா தட்டோடு நிமிர்ந்தாள். “கதையில வர்றவளுக்கு நான் சோறு போட வேண்டாம்” என்றாள். “போதும். போய்த் தலை சீவிக்கோ.”

அத்தானை வெறுப்பது எனக்கு எப்போதும் சுலபமாக இருந்தது, சுவரில் தேய்த்த அந்த விரல் ஒன்றே போதும். அப்பாவையும் வெறுக்க முடிந்தது. அம்மாவை நினைத்தால்தான் இன்றும் அடிவயிற்றிலிருந்து அருவருப்பு எழுகிறது. சரியான முடிவு எதுவென்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவள். தெருவுக்கெல்லாம் அதைச் சொல்லிப் பெருமை வாங்கியவள். அப்பாவின் சம்பளம் எவ்வளவு என்பதும், அடுத்து நான் ஒருத்தி கல்யாணத்துக்கு வளர்ந்து நின்றேன் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் குமட்டல் அடங்கவில்லை.

பள்ளுருத்தி ஒன்றும் கடல் கடந்த ஊர் இல்லை. சாயா ஆறுவதற்குள் பஸ் போய்விடும். அதனால் அவளை அனுப்புகிறோம் என்றுகூட யாரும் சொல்லவில்லை, வீட்டுக்குப் போகிறாள் என்றார்கள். அப்பாவும் அத்தானும் அரிசி விலை பேசிக்கொண்டே முன்னால் நடந்தார்கள். அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு நான் அவளோடு பின்னால் போனேன்.

“அந்தப் புஸ்தகத்தைத் தூக்கிப் போட்டுடறேன், அக்கா” என்றேன். “அருவருப்பா இருக்கு. பொய்யி.”

பஸ் நிறுத்தம் வந்தது. அவள் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

“இல்லை. அதையே படி” என்றாள். “அது மட்டும்தான் உள்ளதை உள்ளபடி என்கிட்ட சொல்லித்து.”

பஸ் வந்தது. அத்தான் பின்படியில் ஏறினார், அவள் பெண்கள் ஏறும் முன்படியில் ஏறினாள்.