நான் நடத்திய பொய்ப் பகிடிவதை

கண்டி டவுன் கடைக்காரர் மகள் நான். வீரம் கிடையாது, வாய் மட்டும் உண்டு. கம்பஸில் பகிடிவதை என்கிற ராகிங் முடியும்வரை புதுப்பிள்ளைகள் சீனியர்களின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். முதல் வருடம் ஆறு வாரம் தரையைப் பார்த்தே நடந்தேன். விடுதியிலிருந்து கன்டீன்வரை ரோட்டில் எத்தனை வெடிப்பு என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

இரண்டாம் வருடம் ஏசுவது எங்கள் முறை. மாட்டேன் என்றால் 'அன்டி', அதாவது பகிடிவதைக்கு எதிரி, என்று ஒதுக்கிவிடுவார்கள். படிப்பு முடியும்வரை நோட்ஸும் இல்லை, பேச்சும் இல்லை. பேசாமல் ஒரு மணி நேரம் இருந்தாலே எனக்குத் தலை வலிக்கும். அந்த நேரம் பார்த்து, புதிதாக வந்த நாலு தமிழ்ப் பிள்ளைகளில் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை பகிடிவதைக்குப் பயந்து பேக்கைக் கட்டி வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனால் திரும்பி வரமாட்டாளாம். அவளுடைய லயத்து வீடுகளிலிருந்து கம்பஸுக்கு வந்த முதல் ஆள் அவள். அவளைப் போகவிட எனக்கு மனமில்லை.

ஏசுவதற்கென்று ஒருவர் பிடித்துவைத்த ஜூனியரை இன்னொருவர் தொடக் கூடாது என்பதும் சட்டம்தான். நாலு பேரையும் நானே பிடித்துக்கொண்டேன். தினமும் பின்னேரம் கன்டீனுக்கு எதிரே மரத்தடியில் நிறுத்தி, இடுப்பில் கைவைத்துக் கத்துவேன்.

"தலையக் குனிங்க. சிரிச்சா தொலைச்சிருவேன். லைப்ரரி கார்ட் ரெண்டாவது மாடியில குடுக்குறாங்க. திங்கக்கிழமை மீன் பணிஸ் திங்காதீங்க, அது வெள்ளிக்கிழமை மீனு."

கன்டீன் மேசையிலிருந்து பார்த்த என் வருடத்து பெட்ச் ஆட்கள் சிங்களவர்கள், தமிழ் விளங்காது. என்னைப்போல் கொடூரமாக ஏச ஆளில்லை என்று மெச்சினார்கள். உள்ளதைச் சொன்னால், அந்தப் பெயர் எனக்கு இனித்தது.

வியாழக்கிழமை மூன்றாம் வருடத்து யாழ்ப்பாண அண்ணா ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். பகிடிவதையில் பெயரெடுத்தவர். நான் மடுல்கெல்லப் பிள்ளையின் முகத்துக்கு நேரே, "நாளைக்கு பஸ் ஏறுன, கால ஒடிச்சிருவேன். ஸ்காலர்ஷிப் ஃபோர்ம நானே நெரப்பித் தர்றேன்" என்று கர்ஜித்துக்கொண்டிருந்தேன். அவர் நின்று முழுவதையும் கேட்டார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் உரத்துச் சொல்லும், தங்கச்சி. மேசைக்குக் கேக்கேல்லை," என்று மெல்லச் சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவள் அறைக்குப் போனேன். பேக் காலி, உடுப்பெல்லாம் அலுமாரியில். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவளோ என்னைக் கண்டதும் எழுந்து தரையைப் பார்த்து நின்றாள்.

"உக்காரு. இங்க யாரு பாக்குறா?"

"தெரியும்க்கா. நீங்க நல்லதுதான் சொல்றீங்க. ஆனா உங்க கொரலக் கேட்டா காலு தானா எந்திரிக்குது."

சுருக்கென்றது. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பெட்ச் மேசைக்குப் போய், இனி யாரையும் ஏசமாட்டேன் என்று சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது என்று ஒரு பொய்கூட வாயில் வரவில்லை. அரை மணி நேரத்தில் நான் அன்டி. தனி மேசையில் தனியாக உட்கார்ந்து டீ குடித்தேன்.

கையில் தட்டோடு அவள் வந்தாள். என்னைக் கேட்காமலே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை திங்காதன்னீங்க. ஆனா இதுதான் இருந்திச்சு," என்று ஒரு மீன் பணிஸை என் பக்கம் தள்ளினாள்.