பச்சைப் பட்டிழை

பேய், ஆவி என்று யாராவது கதைத்தால் எழுந்துபோகிற ஆள் நான். நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும், சிரித்துவிட்டுப் படியுங்கள்.

அப்போது திருகோணமலைத் துறைமுகத்தில் எழுதுவினைஞன். தீப்பெட்டிக்குள் அடங்கும் பழைய வேதப் புத்தகங்களைச் சேர்ப்பது என் பித்து. வெள்ளைக்கார மாலுமிகள் விட்டுப்போன கடுகெழுத்து ஜெபப் புத்தகங்களே பாதி அலுமாரி. அது தெரிந்துதான் கிண்ணியா காசிம் நானா ஒரு தகரக் கூட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். உள்ளே குட்டிக் குர்ஆன். அவருடைய தங்கை ரசீனாவின் புருஷன் மீனுக்குப் போய், தோணி மட்டும் திரும்பியிருந்தது. இது தோணியில் கிடந்ததாம்.

"தங்கச்சி பார்த்துப் பார்த்து அழுறா. விக்கேல்லை ஐயா, வச்சிருங்கோ. கை கழுவாமத் தொட்டிடாதேங்கோ."

உடல் கிடைக்கவில்லை. மனைவியா, விதவையா என்று தெரியாமல் இருந்தாள் ரசீனா. வெள்ளை உடுத்து, புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் ஒதுங்கியிருக்கும் இத்தா இருக்கச் சொல்லி ஊர் நெருக்கியது.

பக்க அடையாளமாக அதில் ஒரு பச்சைப் பட்டிழை. குடாவின் வெளிச்சம் தேன்போல அறைக்குள் ஊறும் பின்னேரங்களில், கை கழுவி, உருப்பெருக்கியோடு உட்காருவேன். நம்பினால் நம்புங்கள், ஒவ்வொரு நாளும் இழை ஒரு தாள் தள்ளிக் கிடந்தது, அலுமாரிச் சாவியோ என் இடுப்பில், தாளிலோ ஈரமில்லாத கடல் வாசம்.

"என்ன ஐயா, கள்ளோ சாராயமோ?" என்றார் நானா. அடுத்தடுத்து இரண்டு நாள் தானே வந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. "மச்சான் பின்னேரத் தொழுகைக்குப் பிறகு ஒரு தாள்தான் ஓதுவார்."

ரசீனா சொல்லியனுப்பினாள்: "ஓதுற மனுசன் உசிரோடதானே இருக்கோணும்? வெள்ளை உடுக்க மாட்டன்."

அவனுக்கும் சேர்த்துச் சோறு போட்டு வைத்தாள். ஊர் ஏசியது. நகர்ந்தது, இன்றும் நகர்ந்தது என்று நான் நானாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு பின்னேரம் இழை கடைசித் தாளில் கிடந்தது. யாரிடமும் வாய் திறக்கவில்லை. விடிந்ததும் நானா வந்து நின்றார்.

"தங்கச்சி குளிச்சு வெள்ளை உடுத்திட்டா."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. 'ஓதி முடிச்சிட்டார்' எண்டா. அவ்வளவுதான்."

அன்று பின்னேரம் கூட்டைத் திறந்தேன். இழை முதல் தாளில் இருந்தது.

இத்தா முடிந்து, மூதூரில் மறுமணமாகி, ரசீனாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். துறையில் கண்டால் கேட்பாள்: "அந்தச் சின்னக் கிதாபு பத்திரமோ அண்ணே?"

"ஓம் தங்கச்சி."

இழையைப் பற்றி அவள் கேட்பதில்லை. எத்தனையாவது தடவையோ, நேற்றுப் பின்னேரம் நடுத்தாளைத் தாண்டியிருந்தது.