ராசியான கை

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த சித்தி, மீன்சுருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டு ஊர்க்காரர். மறுவீடு போய்த் திரும்பும்போது பாத்திரம் பண்டங்களோடு இட்லிப்பூச் செடிகளையும் கொண்டுவந்தார். அரியலூரிலிருந்து செந்துறை போகும் வழியில் எங்கள் வீடு அப்போதுதான் கட்டி முடிந்திருந்தது. வாசலில் தளம் போட்டு பைக் நிறுத்தலாம் என்பது அப்பாவின் திட்டம். புதிதாக வந்த பெண் ஆசைப்படுகிறாளே என்று அதைத் தள்ளிவைத்தார்.

செடிகள் ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தன. பிறகு நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலையெல்லாம் வெளுத்து மஞ்சளானது. சித்தி ஊரிலிருந்து மறுபடி கொண்டுவந்து வைத்தார். அவையும் அதே வழியில் போயின. குழி தோண்டினால் வெள்ளை வெள்ளையாகக் கல் வருகிறது, இந்த மண்ணில் சுண்ணாம்பு அதிகம், செம்மண்ணில் வளர்கிற செடிக்கு இது ஆகாது என்று சொல்லிப் பார்த்தார். எங்களுக்குத் தெரிந்த சுண்ணாம்புக்கல் லாரியில் ஏறி சிமெண்ட் ஆலைக்குப் போகும். செடியை என்ன செய்யும் என்று யாரும் யோசித்ததில்லை.

அப்பாவின் அக்காவான அத்தை வந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

"மண்ணு என்ன பண்ணும்? சில பேரு கைக்கு ராசி இருக்காது. இனிமே அவ கையால எதையும் வைக்கச் சொல்லாதீங்க."

புதுப்பெண்ணைப் பற்றிய இந்தப் பேச்சு செடியோடு நிற்காது என்பது எனக்குத் தெரியாது. அப்பா கொத்தனாருக்குப் போன் போட்டது மட்டும் தெரியும். சித்தி கதவோரம் நின்று, "இந்த ஒரு தடவை பாப்பா கையால வச்சுப் பாக்கலாங்க" என்றார். பாப்பா என்பது நான்தான்; மூன்றாம் வகுப்பு.

செடி வாங்க அரியலூருக்குப் பஸ்ஸில் போனோம். என் ஜன்னல் சீட்டைச் சித்தி பிடித்துக்கொண்டதில் எனக்குக் கோபம். வழிநெடுக வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். சுண்ணாம்புச் சுரங்க வேலியோரம், ஆபீஸ் காம்பவுண்டு, அங்கே நின்ற செடி எதையும் விடவில்லை. நர்சரியில் பளபளவென்றிருந்த எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு செவ்வரளி, காகிதப்பூ, ஒரு சரக்கொன்றைக் கன்று என்று எடுத்தார். சாலையோரம் கேட்பாரற்று நிற்பதைக் காசு கொடுத்து வாங்குகிறாரே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

குழிகளைச் சித்தி முந்தின நாளே தோண்டி, கல் பொறுக்கி, எரு கலந்து வைத்திருந்தார். எல்லோரும் பார்க்க நான் ஒவ்வொரு கன்றாகக் குழிக்குள் இறக்கினேன். மண் தள்ளி மூடுவது ராசியில் சேராது என்று அத்தை பெரிய மனது பண்ணியதால், அதையும் தண்ணீர் ஊற்றுவதையும் சித்தி செய்தார். அதற்குப் பிறகும் அவர்தான் செய்தார்.

கோடையில் காகிதப்பூ காம்பவுண்டு சுவரை மூடியது. அரளி கொத்துக்கொத்தாகப் பூத்தது. கொன்றை என் உயரத்தைத் தாண்டியது. அப்பா தளத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். அத்தை என்னைப் பெரம்பலூரில் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்க் கன்று வைக்கச் சொல்லி, புது கவுன் வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கவுனோடு திரும்பி வந்தபோது, சித்தி அரளிக்கடியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

"கவலப்படாதீங்க சித்தி. உங்க செடியெல்லாம் எப்பவும் நானே வச்சுத் தரேன்."

சித்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். "சரி பாப்பா, நீயே வையி."

என் ராசியில் கொஞ்சம் அவருக்கும் ஒட்டட்டும் என்று அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையெல்லாம் காய்ப்பு, விரலிடுக்கெல்லாம் மண். என் கையிலும் அது ஒட்டிக்கொண்டது. ராசியான கை அழுக்காகிவிட்டதே என்று உள்ளே ஓடிப்போய் சோப்புப் போட்டுக் கழுவினேன்.