மிசிசிப்பிக் கரையில் ஒரு "சவா"

1. சரளை

வான் வண்டியின் வலப்பக்கச் சில்லு சரளையில் இறங்கிய சத்தத்தில்தான் கண் விழித்தேன். ஸ்டியரிங் என் கையில் இருந்தது. பக்கத்தில் அந்துவான் அண்ணை திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"என்னாப்பா, சவா?"

"சவா அண்ணை. சின்னப் பள்ளம் ஒண்டு."

பள்ளமாவது மண்ணாவது. நித்திரையாகிப் போயிருந்தேன்.

பாரிசில் லாச்சப்பலுக்கு வந்த புதிதில் நான் பிடித்துக்கொண்ட முதல் பிரெஞ்சுச் சொல் சவா. சுகமா என்று கேட்பதற்கும் அதுதான், சுகம் என்று சொல்வதற்கும் அதுதான். ரெஸ்ரோரன்ட் குசினியில் கை வெந்தபோதும் சவா என்றுதான் சொன்னேன். இல்லையென்றால் மறுகிழமை என் இடத்தில் வேறொருவன் நிற்பான்.

அந்துவான் அண்ணை பாண்டிச்சேரிக்காரர், வானொலிக்காகப் பாட்டு ஒலிப்பதிவு செய்பவர். நான் அவருடைய சாரதி. மைக், கேபிள் தூக்குவதும் நானே. 2011இல், மிசிசிப்பி ஆற்றோரக் கிராமங்களில் புளூஸ் பாடும் முதியவர்களைத் தேடி அமெரிக்கா போனோம். கண் ஆபரேஷன் செய்திருந்ததால் அவர் வான் ஓட்டக்கூடாது. பயணம் ஒழுங்காக முடிந்தால் எனக்குச் சேதேஈ, அதாவது நிரந்தர வேலை, தருவதாகச் சொல்லியிருந்தார். பிறகு களைப்பென்று எப்படி வாயைத் திறப்பது? பருத்தி வயல், அணைக்கட்டு, மறுபடியும் பருத்தி வயல். ஆறு பக்கத்திலேயே ஓடியதாம். நான் கண்டதெல்லாம் தார் ரோடுதான்.

2. சோபா

மறுநாள் போன கடைசி வீடு லொரீன் அம்மாவுடையது. பாட்டைப் பதிந்ததும் விமான நிலையத்துக்கு ஓட வேண்டும். அண்ணை மைக் பூட்டிக்கொண்டிருக்க, அம்மா என் முகத்தையே பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை என் தமிழில் எழுதுகிறேன்.

"களைச்சுப் போனியோ மகன்?"

வாய் தானாகச் சொன்னது: "சவா."

"அதென்ன பாஷை?"

அண்ணை விளக்கினார். அம்மா கிட்டாரைக் கீழே வைத்தார்.

"இவன் படுக்கட்டும். பிறகு பாடுறன்."

அண்ணை கெஞ்சிப் பார்த்தார், மசியவில்லை. வெட்கத்தோடு சோபாவில் சாய்ந்தேன். எழும்பியபோது பாட்டு முடிந்து, அண்ணை கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தார். அது என் வேலை. சேதேஈ போய்விட்டது என்றே நினைத்தேன்.

வானில் ஏறியதும் ஹெட்போனை என் காதில் மாட்டினார். அம்மாவின் குரல், கிட்டார், இரண்டுக்கும் அடியில் யாரோ குறட்டை விடுகிற சத்தம். யாரோ இல்லை, நான்தான்.

"திரும்பப் பாடேல்லையோ அண்ணை?"

"மாட்டேன்னுட்டாங்க. உன்னை எழுப்பவும் விடல." குரலில் எரிச்சல். "சரி, பிளேனுக்கு நேரமாச்சு. சவா?"

சாவி கையில் இருந்தது. திருப்பவில்லை.

"இல்லை அண்ணை. எனக்கு ஏலாது."

அண்ணை தன் சீட் பெல்ட்டைக் கழற்றினார்.

"நேத்து பள்ளம்னியே, நான் நம்பலப்பா. உன்னை விட்டா ஓட்ட ஆளில்லன்னு நம்புற மாதிரி இருந்துட்டேன்."

விமானம் எங்களை விட்டுப் போனது. குறட்டை கேட்கும் பாட்டை வானொலி எடுக்கவில்லை. சேதேஈ மட்டும் எப்படியோ வந்தது.

இப்போது புதுச் சாரதிகளுக்கு நான்தான் பொறுப்பு. காலையில் சாவி கொடுக்கும்போது சவா என்று கேட்பதில்லை. "ராத்திரி எத்தினை மணிக்குப் படுத்தனீங்கள்?" என்று கேட்கிறேன். அதற்குச் சவா என்று பதில் சொல்ல முடியாது.